இடைநிலைப்பள்ளிப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்? ஒரு படிவம் நான்கு மாணவியின் பதில்

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளி முடித்து இந்த ஆண்டு படிவம் ஒன்றுக்குப் போயிருக்கிறான். தமிழ்ப் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறான். அவன் வயதுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்? கதைப்படம் (காமிக்ஸ்) படித்தால் போதுமா?

வணக்கம் அம்மா. நான் மலேசியாவில், பினாங்கில் படிவம் நான்கு (16 வயது வகுப்பு) படிக்கிறேன். உங்கள் மகனின் வயதை இப்போதுதான் தாண்டி வந்திருக்கிறேன். அதனால் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

முதலில் வீட்டு அலமாரியைப் பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் தெனாலிராமனும் பஞ்சதந்திரமும் இருக்கும். இன்னொரு பக்கம் அப்பாவோ தாத்தாவோ படித்த தடித்த நாவல்கள் இருக்கும். 13 வயதுப் பையனுக்கு நரி ஏமாந்த கதை எப்போதோ சலித்துவிட்டது. தடித்த நாவலைத் தூக்கவே அலுப்பு. இடையில் அவனுக்கென்று ஒன்றும் இல்லை. அதே நேரத்தில் அவன் நண்பர்கள் ஆங்கிலத்தில் விம்பி கிட், பெர்சி ஜாக்சன் என்று படித்துத் தள்ளுகிறார்கள். அந்தக் கதைகளில் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், வசமாக மாட்டிக்கொள்கிறார்கள். நடுவில் ஒரு தாத்தா வந்து புத்தி சொல்வதில்லை. உங்கள் மகனுக்குத் தமிழ் மேல் வெறுப்பு இருக்காது அம்மா. அவன் கைக்கு வந்த தமிழ்ப் புத்தகங்கள் அவனை இன்னும் ஏழு வயதுக் குழந்தையாகவே நினைக்கின்றன, அவ்வளவுதான்.

இதில் பள்ளிக்கும் பங்கு உண்டு. நீலாம் ஏட்டில், அதாவது படித்த புத்தகங்களைப் பதியும் பள்ளி ஏட்டில், தலைப்பு, ஆசிரியர், கதைச் சுருக்கம் எழுதி முடித்ததும் கடைசியில் 'படிப்பினை' என்று ஒன்று எழுத வேண்டியிருக்கும். எந்தக் கதையாக இருந்தாலும் கடைசியில் 'நாம் பெற்றோர் சொல் கேட்க வேண்டும்' என்று எழுதி முடிக்கப் பழகிவிடுகிறோம். தயவுசெய்து வீட்டிலும் அதைக் கேட்காதீர்கள். 'எந்த இடத்தில் பயமாக இருந்தது?' என்று கேட்டுப் பாருங்கள், அவனாகவே பேசுவான்.

சரி, புத்தகங்களுக்கு வருகிறேன்.

தொடக்கத்துக்கு நம் நாட்டு எழுத்தாளர் கே. பாலமுருகன் எழுதிய 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' நன்றாக இருக்கும். சிறுவர்களுக்கான மர்மக் கதை. மர்மம் என்றாலே அடுத்த பக்கத்தைப் புரட்டத்தான் தோன்றும். ஆறாம் ஆண்டு முடித்தவனின் தமிழே இதற்குப் போதும். சில இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் வகுப்பு வாரத்தில் ஏதோ ஒரு நாள், அதுவும் பள்ளி முடிந்த பிறகு என்று ஆகிவிடுவதால் பலருக்கு வாசிக்கும் வேகம் குறைந்துபோகிறது. அந்த நிலையில் முதல் புத்தகமே கஷ்டமாக இருந்தால் மறுபடி தொட மாட்டான்.

அடுத்து ஜெயமோகனின் 'பனிமனிதன்'. தினமணியின் சிறுவர் மணியில் தொடராக வந்த நாவல் இது. இமயமலையில் ராட்சதக் காலடித் தடம் தெரிய, பனிமனிதனைத் தேடிப் போகிறார்கள். குளிரும் பள்ளத்தாக்கும் பனிச்சரிவும் கண்ணெதிரே நடப்பதுபோல் இருக்கும். பரிணாமம், பௌத்தம் என்று பெரிய விஷயங்களும் கதையோடு கதையாக வரும். சிறுவர்தானே என்று எதையும் நீர்த்துப்போக வைக்கவில்லை. எனக்கு இந்த மரியாதைதான் ரொம்பப் பிடித்தது.

நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது இரா. நடராசனின் 'ஆயிஷா'. ரொம்பச் சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஓர் அறிவியல் ஆசிரியை தான் எழுதிய புத்தகத்துக்கு முன்னுரை எழுதுவதுபோல் கதை தொடங்கும். வகுப்பில் காந்தம் பற்றிப் பாடம் நடக்கிறது. ஒரு காந்தத்தை வெட்டினால் இரண்டு காந்தம் கிடைக்கும், அப்படி வெட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று ஆயிஷா எழுந்து கேட்கிறாள். ஆசிரியையிடம் பதில் இல்லை. மற்ற ஆசிரியர்களோ கேள்வி கேட்டதற்காகவே அவளை அடிக்கிறார்கள். முடிவை இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் அது கொடுமையான முடிவு, வலிக்கும். அதனால் நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள், படித்து முடிக்கும் நேரத்தில் அவன் பக்கத்தில் இருங்கள். சோகக் கதை பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. எங்களுக்கும் வீட்டில் சாவு நடக்கிறது, பள்ளியில் அவமானம் நடக்கிறது. அதைப் பற்றிப் புத்தகம்கூடப் பேசாவிட்டால் யார் பேசுவது? வகுப்பில் கை தூக்கத் தயங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆயிஷாவைத் தெரிந்திருக்க வேண்டும்.

படிவம் இரண்டு, மூன்று வரும்போது ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைக் கொடுங்கள். ஜப்பானியர் காலத்தில், 1942, 43இல், தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறக்குறைய 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட நம் தோட்டத்துத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்தவர்கள் ஏராளம். வரலாற்றுப் பாடத்தில் சில வரிகளில் கடந்துபோகும் விஷயம் இது. நாவலில் படிக்கும்போதுதான் அந்த ரயிலில் ஏறியவர்கள் நம் கொள்ளுத்தாத்தா வயதுக்காரர்கள் என்று உறைக்கும். படித்த பிறகு பாட்டியிடம் போய்க் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். அதுவரை வாயே திறக்காத பாட்டி, சாப்பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்கு தவிர வேறு எதுவும் இல்லாத நாட்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

'பொன்னியின் செல்வன்' கொடுக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். ஐந்து பாகம். வந்தியத்தேவனின் குதிரை வீரநாராயண ஏரிக்கரைக்கு வந்து சேரும் இடத்திலேயே சிலர் மயங்கிவிடுவார்கள், சிலர் அங்கேயே மூடிவைத்துவிடுவார்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். வேண்டுமானால் ஒரு விடுமுறையில் கெடாவில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போய், புக்கிட் பத்து பாஹாட் சண்டியை, அதாவது அங்குள்ள பழங்காலக் கோயிலைக் காட்டுங்கள். கல்கி கதையில் வரும் அருள்மொழிவர்மன்தான் பிற்காலத்தில் ராஜராஜன் ஆனார். அவருடைய மகன் ராஜேந்திரன் 1025 வாக்கில் படையனுப்பிய கடாரம் இந்தக் கெடாதான் என்று தெரிந்தால் ஆர்வம் தானாக வரும்.

ஆங்கிலத்தில் படிப்பதைத் தடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நம் நாட்டு ஹன்னா அல்கஃப் எழுதி 2020இல் வெளிவந்த 'தி கேர்ள் அண்ட் தி கோஸ்ட்' படிக்கக் கொடுங்கள். சுராயா என்ற சிறுமிக்குப் பாட்டியிடமிருந்து மலாய்க்காரர் கதைகளில் வரும் பெலெசிட் என்ற பேய் ஒன்று வந்து சேர்கிறது. அவள் அதற்கு பிங்க் என்று பெயர் வைக்கிறாள். அவளுக்குப் பள்ளியில் ஒரு தோழி கிடைத்ததும் பேய்க்குப் பொறாமை வந்துவிடுகிறது. பேய்க்கதையாகத் தொடங்கி, நட்பு எப்போது பாசம், எப்போது பிடிவாதம் என்று யோசிக்க வைத்துவிடும். இப்படித் தமிழில் நம் ஊர்ப் பேய்களை வைத்து இன்னும் நிறைய வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

தமிழ்ப் புத்தகம் கிடைப்பதுதான் பெரிய சிரமம். இங்கே லிட்டில் இந்தியா கடைகளில் வார இதழ்களும் பஞ்சாங்கமும் கிடைக்கும், இந்த வயதுக்கான கதைப்புத்தகம் அபூர்வம். எழுத்தாளர்களிடமோ பதிப்பகங்களிடமோ இணையம் வழி நேரடியாகக் கேட்டு வாங்குவதே நடைமுறையில் சரிப்படுகிறது. கிடைத்ததை நாலு வீட்டுப் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் படிக்கலாம். முதல் அத்தியாயத்தை நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், இந்த வயதிலும் அது எடுபடும்.

அப்புறம், கதைப்படம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் படிக்கட்டும், அதுவும் வாசிப்புதான். நம் நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் லாட் வரைந்து 1979இல் வந்த 'காம்போங் பாய்' இருக்கிறதே, அதில் பையன்கள் ஆற்றில் திருட்டுத்தனமாக ஈயம் அலசி, அப்பாவிடம் மாட்டிக்கொள்ளும் இடத்தைப் பார்த்தால் எந்த மொழிப் பிள்ளையும் சிரிக்கும். பினாங்கு சவுராஸ்தா சந்தை மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஆங்கிலமும் மலாயும்தான், ஆனால் லாட்டின் புத்தகங்கள் கண்ணில் படும். அது பிடித்துப்போனால் அடுத்து 'டவுன் பாய்' கொடுங்கள். கிராமத்திலிருந்து ஈப்போவுக்கு வந்த பையன், ஃப்ராங்கி என்ற சீன நண்பனோடு சேர்ந்து ஊர் சுற்றும் கதை.