ஆடியில் ஓய்வெடுத்தும் சரியாகவில்லை என்றால்…

கேள்வி: வயது 29. சென்னையில் டிஜே. வெள்ளி, சனி ஓட்டல்களிலும் ஈசிஆர் ரிசார்ட்டுகளிலும் பார்ட்டி, முகூர்த்த மாதங்களில் ரிசப்ஷன், மற்ற நாட்களில் வீட்டு ஸ்டூடியோவில் விளம்பரங்களுக்கு மியூசிக். எட்டு மாதமாகப் படபடப்பு, முடி கொட்டுதல், நெஞ்செரிச்சல், தூக்கமின்மை, காதில் 'கொய்ங்' என்று ஒரு சத்தம். ஈசிஜி, தைராய்டு இரண்டும் நார்மல். 'அட்ரீனல் களைப்பு' என்று நெட்டில் படித்தேன். கார்ட்டிசால் ஹார்மோன் டெஸ்ட் எடுக்கவா? எந்தப் பாட்டைக் கேட்டாலும் மனசில் ஒன்றுமே ஓடவில்லை. ஆடியில் கல்யாண ஆர்டர் இல்லை, மற்ற வேலையையும் தள்ளிப்போட்டு வீட்டில்தான் இருந்தேன். அப்போதும் அப்படியேதான். அக்கா குழந்தை வந்தால்கூட ரூமை விட்டு வெளியே வரத் தோன்றவில்லை. ராத்திரி காரில் திரும்பும்போது எதிரே லாரி வந்தால் வரட்டுமே என்றிருக்கிறது. தூக்கத்துக்கு நண்பன் வாங்கித் தரும் அல்பிரஸோலம் தினமும் போடுகிறேன். இது பர்ன் அவுட்தானா? ஸ்வீடன் டிஜே அவிச்சி மாதிரி ஆகிவிடுவேனோ? தொழிலை விட்டுவிடவா? – பெயர் வேண்டாம். (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: முழுக் கடிதத்தில் முடி கொட்டுவதைப் பற்றி ஒரு பத்தியே இருந்தது. லாரிக்கு ஒரே ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரி போதும், தம்பி. மற்றதெல்லாம் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது.

'சாகணும்னு நினைக்கல, வந்தா வரட்டும்னுதான்' என்று நீங்கள் சமாதானம் சொல்வீர்கள். அந்த வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே பாதையில் இருக்கின்றன. இன்று எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதை நேரில் உட்கார்ந்து கேட்கிற ஒரு மனநல மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரை இந்த வாரமே பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது. 'கீழ்ப்பாக்கம்' என்று சொல்லிச் சிரித்தே வளர்ந்த ஊர் இது. அந்தக் கிண்டலுக்குப் பயந்து இன்னும் எட்டு மாதம் ஓட்டாதீர்கள். அதுவரை ராத்திரியில் தனியாகக் கார் ஓட்ட வேண்டாம். டாக்ஸி பிடியுங்கள், அல்லது செட்டிங் பார்க்கும் பையன்களோடு வேனில் வந்துவிடுங்கள். எனக்கு எழுதியதை அப்படியே உங்கள் அக்காவிடமும் சொல்லுங்கள். நடு ராத்திரியில் மனசு கனத்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 'வந்தால் வரட்டும்' என்பது 'நானே ஏதாவது செய்துகொண்டால் என்ன' என்று மாறினால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அக்காவை எழுப்புங்கள், அவருடன் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இனி, இது பர்ன் அவுட்டா என்ற கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் பர்ன் அவுட்டை ஒரு நோயாகவே சேர்க்கவில்லை. வேலையோடு ஒட்டிய ஒரு நிலை என்றுதான் வைத்திருக்கிறது. அடையாளம் மூன்று: உடம்பும் மனசும் வறண்டுபோவது, வேலை மீதே ஒரு வெறுப்பும் ஏளனமும் வருவது, 'நான் செய்வது எதுவும் உருப்படியில்லை' என்று தோன்றுவது. மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. ஆனால் பர்ன் அவுட் வேலையைச் சுற்றித்தான் வட்டமிடும். சுமையை இறக்கினால் சில வாரங்களில் கொஞ்சமாவது இளக வேண்டும். பாட்டு மிக்ஸ் செய்கிற கன்சோலைக் கண்டாலே எரிச்சல் வரும், ஆனால் அக்கா குழந்தை ஓடிவந்தால் தூக்கத் தோன்றும்.

நான் பரிசோதனையாகச் சொல்ல இருந்ததை ஆடி மாதமே உங்களுக்குச் செய்து காட்டிவிட்டது. முழுசாக ஒரு மாதம் ஓய்வு, மாற்றம் இல்லை. பாட்டு மட்டும் இல்லை, வீடும் குழந்தையும்கூட ருசிக்கவில்லை. இதற்குப் பெயர் வெறும் களைப்பு இல்லை. மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு பரிசோதிக்க வேண்டிய கட்டம். உங்கள் தொழிலில் இருக்கிற மற்றவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: களைப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஓய்வுக்கும் அசையாத களைப்பைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், எதுவுமே பிடிக்கவில்லை என்றால் அது டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம்.

உங்கள் உண்மையான பயம் முடி கொட்டுவதும் இல்லை, இதயமும் இல்லை. இசை உங்களை விட்டுப் போய்விட்டதோ என்பதுதான். போகவில்லை. எட்டு பார் நீளமுள்ள ஒரே இசைத் துண்டை நாள் முழுக்கச் சுற்றவிட்டு, கிளையன்ட் கேட்ட பதினாலாவது திருத்தத்தைச் செய்கிற எவருக்கும் அந்த டிராக் மரத்துத்தான் போகும். அது தொழிலின் இயல்பு. நீங்கள் விரும்பிக் கேட்டு வளர்ந்த பாட்டும் மரத்துப்போனால், பழுது காதிலும் இல்லை, திறமையிலும் இல்லை. சந்தோஷத்தை உணர்கிற மூளையின் அமைப்பு மந்தமாகியிருக்கிறது. இது சிகிச்சையில் திரும்புகிற விஷயம். மருந்து தந்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதல் வாரத்திலேயே 'ஒன்றும் நடக்கலை' என்று நிறுத்த வேண்டாம். மாத்திரை கற்பனையைக் கொன்றுவிடும் என்று உங்கள் வட்டத்தில் நாலு பேர் சொல்வார்கள். சிலருக்குச் சில மருந்தில் உணர்ச்சி கொஞ்சம் மழுங்குவது உண்டு. அதை டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். இப்போது மட்டும் என்ன பெரிதாக டிராக் போடுகிறீர்கள்?

அவிச்சியைப் பற்றி. இருபது வயதுகளின் தொடக்கத்திலேயே குடியால் கணையம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர், 2016-ல் மேடை நிகழ்ச்சிகளை விட்டு விலகியவர், 2018-ல் 28 வயதில் இறந்தவர். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவரின் மரணத்துக்குக் காரணம் சொல்வது மருத்துவம் ஆகாது. அந்த வாழ்க்கையை உங்கள் ஜாதகமாக வாசிக்கவும் வேண்டாம். தொழிலை விடுவதா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். மனசு இந்த நிலையில் இருக்கும்போது எடுக்கிற பெரிய முடிவுகள் எல்லாமே ஒரே திசையில்தான் போகும். மூன்று மாத சிகிச்சைக்குப் பிறகு யோசியுங்கள்.

மற்றவை சுருக்கமாக. 'அட்ரீனல் களைப்பு' என்று ஒரு நோய் மருத்துவத்தில் கிடையாது; சத்து மாத்திரை விற்பவர்களிடம்தான் உண்டு. கார்ட்டிசால் டெஸ்டுக்குப் பதிலாக ஹீமோகுளோபினும் பி12-ம் பாருங்கள். ஈசிஜி நார்மலாக இருக்கிற உங்கள் படபடப்புக்கு முதல் சந்தேகம் எனர்ஜி ட்ரிங்க்தான். ஒரு டின்னில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் கஃபீன். ஒரு ராத்திரிக்கு நாலு டின் என்று எழுதியிருக்கிறீர்கள். கஃபீனில் பாதி வடியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஒரு மணிக்குக் குடித்ததில் பாதி, காலை ஆறு மணிக்கும் ரத்தத்தில் ஓடுகிறது. அதன் மேல் தூக்க மாத்திரை போட்டால், ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிக்கிற கதைதான். முடி கொட்டுவதை, தூக்கம் சரியான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காதை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்குகிற காது, 100 டெசிபலில் பாதுகாப்பாகத் தாங்குவது கால் மணி நேரம்தான். ஸ்பீக்கர் பக்கத்திலேயே நாலு மணி நேரம் நிற்கிற உங்களிடம் காது கத்துவதில் ஆச்சரியம் என்ன? ஆடியோகிராம் என்கிற கேட்கும் திறன் பரிசோதனை ஒன்று எடுங்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே இயர்பிளக் வருகிறது, சுருதி கெடாமல் சத்தத்தை மட்டும் குறைக்கும். பஞ்சு வைத்துக்கொண்டால் போதும் என்கிறவர்களுக்கு ஐம்பது வயதில் பேரனின் பேச்சு கேட்காது.

வேலை முறையிலும் சிலது மாற வேண்டும். வீடு வந்து சேர எத்தனை மணி ஆனாலும், வேலை இல்லாத நாளிலும், காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை என்று ஒரு நாலு மணி நேரம் மட்டும் எல்லா நாளும் தூங்குகிற நேரமாக இருக்கட்டும். மிச்சத் தூக்கத்தை முன்னேயோ பின்னேயோ சேர்த்துக்கொள்ளலாம். உடம்புக்கு ஒரு நங்கூரம் கிடைக்கும். லேட் நைட் ஸெட்டுக்கு அடுத்த நாள் காலையில் ஸ்டூடியோ வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள். விளம்பர வேலைக்கு எத்தனை திருத்தம் என்று முன்பே எழுதி வாங்குங்கள். அதற்கு மேல் தனிக் காசு. தையிலும் வைகாசியிலும் வருகிற எல்லா ஆர்டரையும் வாரிக்கொள்வது ஆடிக்குச் சேர்த்து வைக்கத்தான் என்று புரிகிறது, கன்சோலுக்கு இஎம்ஐ ஓடுவதும் புரிகிறது. ஆனால் வாரத்தில் ஒரு நாளை டைரியில் நீங்களே புக் செய்துகொள்ளுங்கள். கேட்கிறவர்களிடம் 'டேட் இல்லை' என்றால் போதும். காரணம் சொல்ல வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. பார்ட்டியில் நீட்டுகிற கிளாஸும் சம்பளத்தில் சேர்ந்ததில்லை.

கடைசியாக அந்த அல்பிரஸோலம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. உங்கள் நண்பனுக்கு எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். இன்றிலிருந்து இரண்டும் சேரவே கூடாது. ஆனால் இதைப் படித்துவிட்டு ரோஷத்தில் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மாதக்கணக்கில் தினமும் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். ஸ்ட்ரிப்பை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், எத்தனை மாதமாக, என்ன அளவில் என்று மறைக்காமல் சொல்லுங்கள். எப்படிக் குறைப்பது என்பதை அவர் எழுதித் தருவார்.