வீடியோ ஓடியது, பாடம் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: 8-ஆம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் 40 பேர். இந்த ஆண்டு எங்கள் வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. வீடியோ போட்டால் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். தேர்வில் அதே பாடத்தைக் கேட்டால் எழுதத் தெரியவில்லை. இணையமும் அடிக்கடி நின்றுவிடுகிறது. எல்லார் வீட்டிலும் கைப்பேசி இல்லை. இதை எப்படித்தான் பயன்படுத்துவது?

பதில்: வீடியோ ஓடும்போது எல்லாமே புரிந்த மாதிரிதான் இருக்கும். படம் நகர்கிறது, ஒரு குரல் விளக்கிக்கொண்டே போகிறது. பிள்ளை தானாக யோசிக்க வேண்டிய இடமே வருவதில்லை. அதனால் முதலில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றுங்கள். திரையைப் போடும் முன், என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிவிட வேண்டும்.

மின்சுற்றுப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பல்பு எரிகிறது. அதே மாதிரி இன்னொரு பல்பைத் தொடரிணைப்பில், அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, சேர்த்தால் என்ன ஆகும்? இரண்டும் பழைய வெளிச்சத்திலேயே எரியுமா, முதல் பல்பு பிரகாசமாகவும் இரண்டாவது மங்கலாகவும் எரியுமா, இரண்டும் ஒரே அளவு மங்குமா? முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும் என்று நம்பும் பிள்ளைகள் நிறைய பேர். அவர்கள் இரண்டாவது விடையை எழுதுவார்கள். எழுதட்டும், திருத்த வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடைக்குக் காரணம் சொல்ல 2 நிமிடம் கொடுங்கள். அப்புறம் திரையைப் போடுங்கள். இரண்டு பல்புகளும் ஒரே அளவு மங்குவதைப் பார்க்கும்போது, தான் எழுதியது ஏன் தவறிப்போனது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தே ஆக வேண்டும். பாடம் பிடிபடுவது அந்த இடத்தில்தான்.

இதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூரும் அவருடைய குழுவினரும் சோதித்து, 2004-இல் வெளியிட்டார்கள். இயற்பியல் செயல்விளக்கத்தை வெறுமனே பார்த்த மாணவர்களுக்கு, அதைப் பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதுவும் கூடுதலாகப் புரிந்துவிடவில்லை. முன்கூட்டியே கணித்துவிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெளிவாகவே கூடுதலாகப் புரிந்தது. அவர்கள் பார்த்தது நேரில் செய்துகாட்டிய சோதனைகளை. அதற்கே இந்த நிலை என்றால், வீடியோவுக்குச் சொல்லவே வேண்டாம்.

இந்த மாதிரிப் பாடங்களுக்கு வீடியோவைவிட சிமுலேஷன், அதாவது பிள்ளைகளே மாற்றிமாற்றிப் பார்க்கக்கூடிய கணினிச் சோதனை, எனக்கு மிகவும் பிடிக்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ திட்டம் இவற்றை இலவசமாகத் தருகிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் தொடங்கியது அது. மின்சுற்று சிமுலேஷனில் எலக்ட்ரான்கள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வைத்து, மின்னோட்டம் குறையவில்லை என்று பிள்ளைகளே பார்க்கலாம். உங்களுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு: கோப்பை ஒருமுறை தரவிறக்கி பென்டிரைவில் வைத்துக்கொண்டால் இணையம் வேண்டியதில்லை. இதற்காக உண்மையான பேட்டரியையும் கம்பியையும் மூட்டைகட்டிவிடாதீர்கள். திரையில் பார்த்ததை அடுத்த வகுப்பில் கையால் இணைத்துப் பார்க்கட்டும்.

சரி, 40 பேரும் என்ன நினைக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கை தூக்கச் சொன்னால் நன்றாகப் படிக்கும் நாலு பேரைப் பார்த்து மற்றவர்களும் தூக்குவார்கள். ‘பிளிக்கர்ஸ்’ என்ற செயலியில் ஆளுக்கு ஒரு அச்சிட்ட அட்டை. விடைக்கு ஏற்றபடி அட்டையைத் திருப்பிப் பிடித்தால், உங்கள் ஒரே கைப்பேசியின் கேமரா எல்லா விடைகளையும் படித்துவிடும். இணையம் நின்றுபோன நாளில், கண்களை மூடி விடை எண்ணுக்கு ஏற்ப விரல்களை நெஞ்சருகே காட்டச் சொல்லுங்கள். அதுவும் போதும்.

வீடியோவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இதயத் துடிப்பு, எரிமலை போன்றவற்றுக்கு அதைவிட நல்ல வழி வகுப்பறையில் இல்லை. 2, 3 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். அடுத்து என்ன என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். ஸ்லைடில் இருக்கும் வாக்கியங்களை அப்படியே வாய்விட்டு வாசிக்காதீர்கள். ஒரே வாக்கியத்தைக் கண்ணும் காதும் ஒன்றாகத் துரத்தும்போது படத்தைக் கவனிக்க முடியாது. நீங்கள் பேச வேண்டிய நேரத்தில் பவர்பாயிண்டில் ஸ்லைடு ஓடும்போது ‘B’ விசையை அழுத்தினால் திரை கறுத்துவிடும், பிள்ளைகளின் பார்வை உங்களிடம் திரும்பும். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து எழுத்து தெரிகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். இதைச் செய்யாத வகுப்புகளே அதிகம்.

கைப்பேசியில் செய்யும் வீட்டுப்பாடத்தைக் கட்டாயமாக்க வேண்டாம். கைப்பேசி இல்லாத பிள்ளை மறுநாள் எழுந்து நின்று காரணம் சொல்லும் நிலை வரக்கூடாது. திரை தேவைப்படும் வேலையை வகுப்பிலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள், திரையை அணைத்துவிட்டு, அதே இரண்டு பல்பு கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, மூன்று பல்புகளாக்கிக் கேளுங்கள். நோட்டைப் பார்க்காமல் படம் வரைந்து காரணம் எழுதட்டும். மதிப்பெண் போட வேண்டாம். நினைவிலிருந்து எடுத்து எழுதும்போதே படித்தது இன்னும் ஆழமாகப் பதியும். அந்தத் தாள்களில் எத்தனை பேர் இன்னமும் கடைசி பல்பை மட்டும் மங்கலாக வரைந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்காக அதே சிமுலேஷனை 5 நிமிடம் மறுபடி போட்டால் போதும்.