சினை நிற்காத பசுவும் விந்தணுவின் நொதிகளும்

கேள்வி: என்னிடம் இரண்டு கன்று ஈன்ற கலப்பின ஜெர்சி பசு ஒன்று உள்ளது. கடைசியாகக் கன்று ஈன்று ஏழு மாதங்கள் ஆகின்றன. நான்கு முறை சினை ஊசி போட்டும் 20, 21 நாட்களில் மறுபடியும் பருவத்துக்கு வந்துவிடுகிறது. காலையில் மாடு கத்தியதும் ஊசி போடுபவரை அழைத்துவிடுவேன். அவர் 8 மணிக்குள் வந்து, உறைந்த விந்து அடைத்த குச்சியை உள்ளங்கையில் தேய்த்து உருக்கிப் போட்டுவிட்டுச் செல்வார். விந்தணுவில் என்சைம் குறைவாக இருப்பதால் அது முட்டையைத் துளைக்க முடியவில்லை என்றும், மாட்டுக்கு என்சைம் பொடி கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் தீவனக் கடையில் சொல்கிறார்கள். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: பொடியை வாங்க வேண்டாம். கருத்தரிப்பில் என்சைம் என்கிற நொதிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த நொதி காளையின் விதையில் விந்தணு உருவாகும்போதே அதன் தலையில் அடைக்கப்பட்டுவிடுகிறது. பசுவுக்குத் தீவனத்தோடு தரும் நொதி வெறும் புரதம். அசையூண் வயிற்றின் நுண்ணுயிர்களும் குடலும் அதைச் செரித்துவிடும். அது முழுதாகக் கருக்குழாய் வரை சென்று விந்தணுவுக்குத் துணை நிற்க வழியே இல்லை. ஆகவே விந்தணுவின் நொதியை நம்மால் கூட்ட முடியாது. ஆனால் வீணாக்கிவிட முடியும். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் உங்கள் பசுவுக்கு அதுதான் நடந்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

விந்தணுவின் தலையில் தொப்பி போல ஒரு சிறு பை கவிழ்ந்திருக்கிறது. அதற்கு அக்ரோசோம் என்று பெயர். பசுவின் சினைமுட்டையைச் சுற்றி முதலில் பசை போன்ற பொருளில் பதிந்த செல்களின் கூட்டமும், அதற்குள் தெளிந்த, தடித்த ஓர் உறையும் இருக்கின்றன. அந்தப் பசையின் பெரும்பகுதி ஹயலுரோனிக் அமிலம். அதைக் கரைத்து வழிவிடுவது ஹயலுரோனிடேஸ் என்னும் நொதி. உள்ளுறையைக் கடக்க உதவுவது அக்ரோசின். அது நம் குடலில் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினின் இனத்தைச் சேர்ந்தது. அக்ரோசோமுக்குள் செயலற்ற வடிவில் உறங்கி, பை திறக்கும்போதுதான் விழித்துக்கொள்கிறது. அக்ரோசின் இல்லாத சுண்டெலிகளும் குட்டி போடுகின்றன என்று 1994-இல் தெரிந்தபோது அறிவியலாளர்கள் வியந்தார்கள். 2020-இல் வெள்ளெலியின் ஒரு வகையான ஹாம்ஸ்டரில் அதே நொதியை நீக்கியபோதோ விந்தணுவால் உறையைத் துளைக்கவே முடியவில்லை. இனத்துக்கு இனம் இந்த ஏற்பாடு வேறுபடுகிறது என்பதால், 'ஒரு நொதி குறைந்தது, சினை நிற்கவில்லை' என்று கடையில் நின்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

உறையைத் தாண்டிய பின் விந்தணுவும் முட்டையும் ஒன்றோடொன்று இணைவதற்கும் நொதிதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே வேலை செய்வது பற்றிக்கொள்ளும் புரதங்கள். விந்தணுவின் பக்கமுள்ள புரதத்தை 2005-இல் ஜப்பானில் கண்டறிந்து, திருமண வேண்டுதலுக்குப் பெயர்பெற்ற அந்நாட்டுக் கோயில் ஒன்றின் பெயரால் இசுமோ என்று அழைத்தார்கள். முட்டையின் பக்கமுள்ள இணை 2014-இல் தெரியவந்தது, அதற்கு ரோமானியர்களின் திருமணத் தெய்வமான ஜூனோவின் பெயரைச் சூட்டினார்கள். இணைந்த பிறகு மறுபடியும் நொதிகளின் முறை வருகிறது. விந்தணு கொண்டுவரும் ஒரு நொதி முட்டைக்குள் சுண்ணாம்புச் சத்தை அலை அலையாக எழுப்பி அதை விழிக்கச் செய்கிறது; உடனே முட்டை தன் ஓரத்துச் சிறு பைகளிலிருந்து வேறொரு நொதியை வெளியிட்டு, இரண்டாவது விந்தணு நுழையாதபடி உறையை மாற்றிவிடுகிறது. முட்டைக்கு வயதாகிவிட்டால் இந்தக் கதவடைப்பு தளர்ந்துபோகும். பல விந்தணுக்கள் நுழைந்த கரு பிழைக்காது. தாமதமாகப் போடும் ஊசி பயனற்றுப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது உங்கள் குச்சிக்கு வருவோம். அந்த 0.25 மில்லி குச்சியில் ஏறத்தாழ 2 கோடி விந்தணுக்கள் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் உறைந்திருக்கும். சரியாக உருக்கினாலும் சுமார் பாதிதான் நீந்தும். 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 30 நொடி வைத்தால் அது விரைவாக உருகும். உள்ளங்கையில் தேய்த்தாலோ சட்டைப் பையில் வைத்தாலோ மெல்ல உருகும். அப்போது பனித்துகள்கள் மறுபடி பெரிதாகி அக்ரோசோமின் சவ்வைக் குத்திக் கிழிக்கும், நொதி முட்டையைப் பார்ப்பதற்கு முன்பே ஒழுகிப் போகும். அத்தகைய விந்தணு நுண்ணோக்கியில் வாலை ஆட்டி நன்றாகவே நீந்துவது போலத் தெரியலாம். முட்டையின் அருகே போய் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஊசி போடுபவர் மீது கோபப்படாமல், ஒரு வெப்பமானியும் ஒரு குடுவை வெந்நீரும் நீங்களே தயாராக வைத்திருங்கள். உருகிய குச்சியை ஈரமில்லாமல் துடைத்து, பத்து நிமிடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

நேரம் இதைவிட முக்கியம். பசுவுக்குள் சென்ற விந்தணு உடனே முட்டையைத் துளைக்கும் திறன் பெறுவதில்லை. கருப்பையிலும் கருக்குழாயிலும் சில மணி நேரம் பக்குவப்பட்ட பிறகே அக்ரோசோம் திறக்கும் தகுதி வருகிறது. இதனை 1951-இல் சாங் என்பவரும் ஆஸ்டின் என்பவரும் தனித்தனியாகக் கண்டறிந்தார்கள். உறைந்து உருகிய விந்தணுவோ அந்தப் பக்குவத்தின் பாதியை உறைபதனத்திலேயே கடந்துவிடுகிறது. எனவே அதன் ஆயுள் குறைவு, பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம்தான். மாடு பருவத்துக்கு வந்து ஏறத்தாழ 24 முதல் 32 மணி நேரத்துக்குப் பிறகே முட்டை வெளிப்படுகிறது. நீங்கள் காலை 6 மணிக்குப் பார்த்து 8 மணிக்கு ஊசி போட்டால், முட்டை மறுநாள் காலையில் வரும்போது நொதியோடு காத்திருக்கும் விந்தணுக்கள் மிகச் சிலவே எஞ்சியிருக்கும். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் போட வேண்டும் என்ற பழைய விதி இந்தக் கணக்கிலிருந்தே பிறந்தது.

இருந்தாலும் குச்சியிலும் நேரத்திலும் மட்டும் எல்லாக் குற்றத்தையும் நான் சுமத்தவில்லை. கரு உருவாகி முதல் இரண்டு வாரத்துக்குள் இறந்துவிட்டாலும் பசு இதே 21-ஆம் நாளில்தான் திரும்பி வரும். கருப்பையில் வெளியே தெரியாத அழற்சி இருந்தாலும் அப்படியே. அடுத்த பருவத்தில் வழியும் சளியைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி போலத் தெளிவாக இல்லாமல் கலங்கலாகவோ வெண்புள்ளிகளோடோ இருந்தால் அன்று சினை ஊசி போடாமல், சளியோடு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். சளி தெளிவாக இருந்தால் மாலையில் ஊசி போடுங்கள். மறுநாள் காலையிலும் சளி வழிந்து மாடு பருவத்திலேயே இருக்குமானால் முட்டை வெளிப்படுவது தாமதமாகிறது என்று பொருள். அப்போது இன்னொரு ஊசி போடலாம். பருவம் தெரிந்த மணி, ஊசி போட்ட மணி, குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண் ஆகிய மூன்றையும் குறித்து வையுங்கள். இதன் பின்னும் 21-ஆம் நாளில் திரும்பி வந்தால், அந்தக் குறிப்பைப் பார்த்தே மருத்துவர் ஹார்மோன் ஊசி தேவையா, கருப்பைக்குச் சிகிச்சை தேவையா என்று முடிவு செய்வார்.