வீட்டு வயரிங்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டின் கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் சென்ற மாதம் தனித்தனியாக ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) பொருத்தினோம். அன்று முதல், மாடிப்படி விளக்கைப் போட்டவுடனே அது டிரிப் ஆகிறது. மற்ற விளக்குகளால் தொல்லை இல்லை. பல்பையும் கீழும் மேலும் இருந்து ஒரே விளக்கை இயக்கும் இரண்டு டூவே சுவிட்சுகளையும் மாற்றிப் பார்த்துவிட்டோம். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். கழற்றலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தயவுசெய்து கழற்ற வேண்டாம். நீங்கள் கூறும் அறிகுறிகளைப் பார்த்தால், அந்த விளக்குக்குக் கீழ்த்தளத்திலிருந்து ஃபேஸும் (மின்சாரம் வரும் வயர்) மாடியிலிருந்து நியூட்ரலும் (அது திரும்பும் வயர்) எடுக்கப்பட்டிருக்கின்றன என்றே தோன்றுகிறது. வயர் மிச்சமாகும் என்பதற்காகப் பல வீடுகளில் இப்படிச் செய்துவிடுகிறார்கள். ஆர்.சி.சி.பி. இல்லாத காலம் வரை விளக்கு ஒழுங்காகவே எரியும் என்பதால் தவறு வெளியே தெரிவதில்லை.

ஃபேஸ் வழியாகப் போகும் மின்னோட்டம் முழுவதும் தன் நியூட்ரல் வழியாகவே திரும்புகிறதா என்பதை ஆர்.சி.சி.பி. இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வீடுகளுக்கான 30 மில்லி ஆம்பியர் கருவி, வித்தியாசம் அந்த அளவை எட்டினால் கட்டாயம் துண்டிக்க வேண்டும். 15-ஐத் தாண்டினாலே துண்டிக்கவும் கூடும். 9 வாட் எல்.இ.டி. பல்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியராவது எடுக்கும். உங்கள் வீட்டில் அந்த மின்னோட்டம் கீழ்த்தளக் கருவி வழியாகப் போய் மாடிக் கருவி வழியாகத் திரும்புவதால், இரண்டுமே அதைக் கசிவு என்று கணக்கிடுகின்றன. ஆகவே கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

இதில் உயிராபத்தும் இருக்கிறது. மாடி விளக்குகளின் எம்.சி.பி.யை (அளவுக்கு மீறி மின்னோட்டம் பாய்ந்தால் தானே அணையும் சுவிட்ச்) அணைத்துவிட்டு, மின்சாரம் இல்லை என்று நம்பி, ஒருவர் அங்கே நியூட்ரல் இணைப்பைப் பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கீழே யாராவது படிக்கட்டு விளக்கின் சுவிட்சைப் போட்டால், கீழ்த்தள ஃபேஸ் அந்தப் பல்பு வழியாகவே வந்து, அவர் கையில் இருக்கும் கறுப்பு நியூட்ரல் வயரின் நுனியில் நிற்கும். கறுப்பு வயர் ஷாக் அடிக்காது என்ற எண்ணத்தால் அடிபட்டவர்கள் இந்தத் தொழிலில் உண்டு.

தீர்வு எளிது: ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே சர்க்யூட்டிலிருந்து வர வேண்டும். கீழ்த்தள ஃபேஸையே வைத்துக்கொள்வதானால், அந்தச் சர்க்யூட்டின் நியூட்ரலையும் படிக்கட்டுப் பைப் வழியாக விளக்கு வரை இழுத்து, மாடி நியூட்ரலை அங்கிருந்து விலக்கிவிட வேண்டும். பைப்பில் இன்னொரு வயருக்கு இடம் இல்லையென்றால், டூவே இணைப்பையே கைவிட்டு, ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் விளக்கு ஒன்றை மாடிச் சர்க்யூட்டிலிருந்து மட்டும் கொடுத்துவிடலாம். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் சான்றிதழ் பெற்றவரைக் கொண்டு இதைச் செய்யுங்கள். வேலை நடக்கும்போது ஒரு தளத்தை மட்டும் அணைக்காமல், மெயின் சுவிட்சையே அணைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புதிதாகக் கட்டும் வீட்டில் 18 விளக்குப் பாயிண்டுகளையும் ஒரே 6 ஆம்பியர் எம்.சி.பி.யில் கொடுக்கலாம், எல்லாம் எல்.இ.டி.தானே என்கிறார்கள். சரியா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வாட் கணக்கில் அவர்கள் சொல்வது சரி. 9 வாட் வீதம் 18 பல்புகளுக்கு 162 வாட்தான் ஆகிறது, 1.5 சதுர மில்லி மீட்டர் செம்பு வயருக்கு அது ஒரு சுமையே அல்ல. ஆனால் கட்டட வயரிங்குக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 732-இன் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பு, விளக்கு, ஃபேன், 5 ஆம்பியர் பிளக் எல்லாம் சேர்த்து ஒரு சர்க்யூட்டுக்கு 10 பாயிண்டுகள், 800 வாட் என்று இரண்டு வரம்புகளை வகுத்திருந்தது. எல்.இ.டி. வந்த பிறகு 800 வாட் வரம்புக்கு வீடுகளில் வேலை குறைந்துவிட்டது. 10 பாயிண்ட் வரம்பை இன்றும் கைக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ஒரு ஹோல்டரில் ஷார்ட் ஆனால் வீடு முழுவதும் இருளக் கூடாது. பழுதைத் தேடுபவர் 18 இடங்களைத் திறந்து பார்க்கவும் கூடாது. எனவே இரண்டு சர்க்யூட்டாகப் பிரியுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் டி.பி. பாக்ஸ் (எம்.சி.பி.க்கள் இருக்கும் பெட்டி) வரை தனி நியூட்ரல் இழுத்து, அதன் நுனியில் எம்.சி.பி.யின் எண்ணை எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் காரைக்குடி வாசகியின் சிக்கல் உங்கள் வீட்டுக்கும் வரும்.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக எரிகிறது. ஏன்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். நீண்ட தூரம் அருகருகே ஓடும் வயர்களுக்கிடையே தாவும் மிகச் சிறிய மின்னோட்டமே பல்பை மினுக்கப் போதும்; அதனால் ஆபத்தில்லை. மற்றொன்று, சுவிட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருப்பது. நியூட்ரலில் மட்டும் சுவிட்ச் வைப்பதை 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே தடை செய்தன. ஏனெனில் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். எது காரணம் என்பதைச் சோதித்துச் சரிசெய்யும் வரை, மெயின் சுவிட்சை அணைக்காமல் அந்தப் பல்பை யாரும் கழற்ற வேண்டாம்.