இயேசுவை ஓட்டுப்போட்டா தேவனாக்கினார்கள்?

கேள்வி: என் மகன் வெளியூரில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன், “இயேசு தம்மைத் தேவன் என்று எங்கேயும் சொல்லவில்லை. 325-இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி ஓட்டுப்போட்டுத்தான் அவரைத் தேவனாக்கினார்கள்” என்கிறான். என் கணவர் 1 யோவான் 5:7-ஐ வாசித்துக் காட்டினார். “அது பிற்காலத்தில் நுழைத்த வசனம்” என்று அவன் சொல்ல, “கோயிலுக்கு வராதவன் இந்த வீட்டுக்கும் வரவேண்டாம்” என்று இவர் கத்திவிட்டார். நான் என்ன செய்யட்டும்?

– ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அந்த வசனத்தைப் பொறுத்தவரை உங்கள் மகன் சொன்னது சரி. “பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்” என்று தொடங்கும் அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. லத்தீன் வழியாக உள்ளே வந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அதை விட்டுவிட்டார். எதிர்ப்பு கிளம்பியபின் 1522 பதிப்பில்தான் சேர்த்தார். நம் பழைய மொழிபெயர்ப்பில் அது இருக்கிறது, பொது மொழிபெயர்ப்பில் இல்லை. உங்கள் கணவர் இதை மகனிடம் வாய்திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். நம் விசுவாசம் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

ஆனால் நிசேயா விஷயத்தில் அவன் ஏமாந்திருக்கிறான். அங்கே எழுந்த கேள்வி இயேசு தெய்வமா, வெறும் மனிதரா என்பதல்ல. அங்கே கண்டிக்கப்பட்ட போதகர் ஆரியு கூட, உலகம் உண்டாவதற்கு முன்பே குமாரன் இருந்தார் என்றே போதித்தார். குமாரன் உண்டாக்கப்பட்டவரா, பிதாவின் தன்மையிலிருந்தே பிறந்தவரா என்பதுதான் சண்டை. “பிதாவோடு ஒரே தன்மை” என்று அவர்கள் எழுதிய சொல் வேதாகமத்தில் இல்லை என்பது உண்மை. ஆனால் அவர்கள் யாரைப் பற்றி வழக்காடினார்களோ, அவரைச் சபை அதற்குள் இருநூறு வருஷத்துக்கும் மேலாகத் தொழுதுகொண்டிருந்தது. நிசேயா இருந்த பித்தினியா மாகாணத்தின் ரோம ஆளுநர் பிளினி, ஏறக்குறைய 112-இல் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்திலேயே, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, ஒரு தெய்வத்துக்குப் பாடுவதுபோல் கிறிஸ்துவுக்குப் பாடுகிறார்கள் என்று குறித்திருக்கிறார். அவர் விசுவாசியல்ல, அவர்களை விசாரித்துத் தண்டித்தவர்.

இன்னும் பின்னால் போங்கள். புதிய ஏற்பாட்டில் காலத்தால் முந்தியவை சுவிசேஷங்கள் அல்ல, பவுலின் நிருபங்கள். சிலுவை மரணம் 30-ஐ ஒட்டி. பிலிப்பியருக்கு எழுதியது அதிலிருந்து ஏறக்குறைய முப்பது வருஷத்துக்குள். அதன் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு பாட்டு இருக்கிறது. பவுலுக்கு முன்பே சபையில் பாடப்பட்டது என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். “அவர் தேவனுடைய ரூபமாயிருந்தும்” என்று தொடங்கி, அடிமையின் ரூபமெடுத்து, சிலுவை வரை தாழ்ந்து, பிறகு உயர்கிறது: “இயேசுவின் நாமத்தில்... முழங்கால் யாவும் முடங்கும்படிக்கும்”, இயேசு கிறிஸ்து கர்த்தரென்று நாவுகள் யாவும் அறிக்கைபண்ணும்படிக்கும்.

இப்போது ஏசாயா 45-ஐத் திறங்கள். “நானே தேவன், வேறொருவரும் இல்லை” என்று சொன்ன கையோடு, “முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும்” என்கிறார் இஸ்ரவேலின் தேவன். பழைய ஏற்பாட்டிலேயே ‘ஒருவரே தேவன்’ என்பதை இத்தனை கறாராகச் சொல்லும் இடம் அபூர்வம். அந்த இடத்து வார்த்தையை எடுத்துத்தான் இயேசுவுக்குச் சூட்டியிருக்கிறார்கள். சூட்டியவர்கள் ஊருக்கொரு தெய்வம் கும்பிட்டவர்கள் அல்ல. “நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்” என்று தினமும் சொல்லி வளர்ந்த யூதர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

தமிழில் வாசிக்கிற நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. எபிரெயத்தில் தேவனுடைய பெயர் நான்கு எழுத்து. யூதர்கள் அதை உச்சரிப்பதில்லை. கிரேக்கத்தில் அதற்கு ஈடாக ‘கூரியோஸ்’ வந்தது, நமக்குக் ‘கர்த்தர்’. பவுல் இயேசுவைச் சொல்வதும் அதே சொல்தான். சாதாரண எஜமானையும் கூரியோஸ் என்பார்கள் என்று மகன் மடக்கலாம், அதுவும் சரியே. ஆனால் ஏசாயா 45-இன் வரியோடு சேர்ந்து வரும்போது அந்தப் பதில் எடுபடாது.

“இயேசு சொல்லவில்லை” என்பதற்கு வருகிறேன். மாற்குவில் “நான் தேவன்” என்று ஒரு வாக்கியம் இல்லைதான். ஆனால் கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனின் பாவத்தை மன்னிக்கிறார். அதைத் தேவன் ஒருவரே செய்யலாம் என்று வேதபாரகர் முணுமுணுக்கிறார்கள். கடலை அதட்டுகிறார்; “இவர் யாரோ” என்று சீஷர்கள் பயப்படுகிறார்கள். மாற்கு பதிலெழுதாமல் கேள்வியை நம் கையில் விடுகிறார். யோவான்தான் முதல் வரியிலேயே “அந்த வார்த்தை தேவனாயிருந்தது” என்று திறந்து சொல்கிறார்.

எதிர்ப்பக்க வசனங்களை நீங்கள் ஒளிக்கவேண்டாம். கடைசி நாளைப் பற்றி “குமாரனும் அறியார்” என்கிறது மாற்கு 13:32. “என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்” என்பதை எழுதியதும் அதே யோவான்தான். எழுதினவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? பசித்த, அழுத, ஜெபித்த, அறியாதிருந்த இந்த மனுஷரிடத்தில்தான் அவர்கள் தேவனைக் கண்டார்கள். இரண்டில் ஒன்றைக்கூட அழிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. பிதாவோடு ‘ஒரே தன்மை’, தேவனும் மனுஷனுமாக ‘இரு தன்மை’ என்பவையெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பின்வந்தவர்கள் தேடிய சொற்கள்.

உங்கள் கணவருக்கு யோவான் 20-ஐ வாசித்துக் காட்டுங்கள். “என் ஆண்டவரே! என் தேவனே!” என்று அந்தச் சுவிசேஷத்தில் இயேசுவை நேரே அழைத்தவன் தோமா. கண்டாலொழிய நம்பமாட்டேன் என்று அடம்பிடித்தவனும் அவனே. இரண்டுக்கும் நடுவே எட்டு நாள் போயிருக்கிறது. அந்த எட்டு நாளும் மற்ற சீஷர்கள் அவனை வெளியே தள்ளவில்லை. 26-ஆம் வசனத்தைப் பாருங்கள்: வீட்டுக்குள்ளே “தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்.” மகனுக்கு இன்றைக்கே போன் போட்டு, அடுத்த விடுமுறைக்கு வரச்சொல்லுங்கள். கூப்பிடுவது அவன் அப்பாவாக இருக்கட்டும்.