ஹோட்டல் பில்லுல காசு எங்க போவுது? ஒரு கணக்குப்பிள்ளையோட பதில்

மார்த்தாண்டத்துலேர்ந்து ஒரு அக்கா பில்ல போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. ஞாயித்துக்கெழமை ராத்திரி வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளைய, மாமியார் எல்லாருமா நாகர்கோவில் வந்து சாப்பிட்டிருக்காங்க, 2183 ரூவா. "மாசத்துல நாலு தடவ இப்படி ஆவுது, வெளிய சாப்பிடுறத நிறுத்தவும் மனசில்ல, எங்க கொறைக்கலாம், ஆப்ல வாங்குனா லாபமா"ன்னு கேள்வி. நான் ஹோட்டல்காரங்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு போடுற ஆளு, எந்த பில்லு கையில வந்தாலும் கண்ணு கீழேர்ந்து மேலதான் போவும்.

அக்கா, பில்ல பிரிச்சுப் பாப்போம். பிரியாணி மூணு 660, சிக்கன் 65-ம் எறால் வறுவலும் 560, பரோட்டா ஆறு 120. வயித்துக்குப் போனது 1340. மிச்சம் ஜூஸ் நாலு 360, தண்ணி பாட்டில் ரெண்டு 80, ஐஸ்கிரீம் ரெண்டு 200, ஆக 640 ரூவா. வரிக்கு முன்னால உள்ள 1980-ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு இதுலயே போயிட்டு. எறைச்சி விக்குற வெலைக்கு ஹோட்டல்காரங்களுக்கு பிரியாணில பெரிசா லாபம் ஒண்ணும் நிக்காது, அந்த ஜூஸ் கிளாஸ்லதான் நிக்கும், அதான் நீங்க உக்காந்து ஃபேன் காத்து வாங்குறதுக்குள்ளயே சப்ளையர் வந்து "குடிக்க என்ன"ன்னு நிப்பாரு. பிள்ளைய ஜூஸ் கேட்டா சாப்பிட்டு முடிச்சு வெளிய வந்து கடையில வாங்கிக் குடுங்க.

பாட்டில்ல 20 போட்டிருக்கு, 40 எப்படி வாங்கலாம்னு நெறைய பேரு சண்டைக்கு நிப்பாங்க. உக்கார வச்சு பரிமாறுற எடத்துல எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டே 2017 டிசம்பர்ல சொல்லிட்டுல்லா, அங்க மல்லுக்கட்டி பிரயோசனமில்ல. சாதா தண்ணி கேளுங்க, இல்ல வீட்லேர்ந்து சீரகத் தண்ணி கொண்டு போங்க.

மல்லுக்கட்ட வேண்டிய எடம் கீழ இருக்கு. சர்வீஸ் சார்ஜ் 5 பெர்சன்ட், 99 ரூவா. இத வரின்னு நெனச்சு குடுத்திருப்பிய, இது வரி கெடையாது. தானா பில்லுல ஏத்தக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலைலயே சொல்லிட்டு, ஹோட்டல் சங்கங்க கோர்ட்டுக்குப் போயும் 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட் கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாதுன்னுதான் தீர்ப்பு குடுத்துச்சு. கவுண்டர்ல பைய "இத எடுத்துருங்கண்ணே"ன்னு சொல்லுங்க, முரண்டு பிடிச்சா 1915-க்கு போன் போடலாம். உங்க பில்லுல அந்த 99-க்கும் ஜிஎஸ்டி ஏறியிருக்கு, ஆக 104 ரூவா. அதுல பாதிய பரிமாறுன பையன் கையில நேரா குடுத்தா அவனுக்காவது பிரயோசனப்படும்.

ஜிஎஸ்டி சாதா ஹோட்டல்ல 5 பெர்சன்ட், ஏசி இருந்தாலும் இல்லன்னாலும் ஒண்ணுதான். ரூம் வாடகை நாளுக்கு 7500-க்கு மேல போற பெரிய ஹோட்டலுக்குள்ள உள்ள ரெஸ்டாரண்ட்ல 18, அங்க போவும்போது மெனு வெலையில இதையும் கூட்டிக்கங்க. இன்னொண்ணு, சின்ன ஹோட்டல் நெறைய காம்போசிஷன் திட்டத்துல இருக்கும், அவங்க வரிய அவங்க கையிலேர்ந்துதான் கட்டணும், நம்மகிட்ட தனியா வாங்கக் கூடாது. பில்லுல உள்ள ஜிஎஸ்டி நம்பர (நம்ம ஊருக்கு 33-ல தொடங்கும், களியக்காவிளை தாண்டிட்டா 32) ஜிஎஸ்டி சைட்ல அடிச்சா ரெகுலரா காம்போசிஷனான்னு காட்டிரும். நம்பரே போடாம வரி மட்டும் போட்டிருந்தா அங்கயே கேளுங்க.

இனி மீனு. நம்ம ஆளுவ காச விடுறது இங்கதான். மெனுவுல வெலை இருக்காது, "சைஸ பொறுத்து"ன்னு இருக்கும். கணக்குப்பிள்ளையான நானே கன்னியாகுமரில கடலப் பாத்த ஒரு ஹோட்டல்ல தட்டுல காட்டுன விளமீன வெலை கேக்காம பொரிக்கச் சொல்லிட்டு, பில்லுல 900 ரூவாய பாத்து முழிச்சேன், வீட்ல இன்னும் அத சொல்லிக் காட்டுறாங்க. எண்ணெயில போடுறதுக்கு முன்னாடியே வெலைய கேட்டுருங்க. அப்புறம் நம்ம மாவட்டத்துக்கு மீன்பிடி தடைக்காலம் ரெண்டு. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வர, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1-லேர்ந்து ஜூலை 31 வர. விசைப்படகு கரையில கெடக்கும்போது நெய்மீன் கேட்டா ஒண்ணு வெலை ஏறியிருக்கும், இல்ல ஐஸ்ல கெடந்ததா இருக்கும். வள்ளத்துக்கு, அதான் நாட்டுப்படகுக்கு, தடை கெடையாது, அதனால அப்ப சாளை, நெத்திலி கெடைச்சா அதையே வாங்குங்க, ருசியிலயும் கொறைவில்ல.

முடிஞ்சா ராத்திரிய விட்டுட்டு மத்தியானம் போங்க. மீன் சாப்பாட்டுல குழம்பு அதோட வரும், பொரிச்ச மீனுக்கு மட்டும்தான் தனி காசு, புளிசேரி ரசம்னு சோறும் ரெண்டாவது கேட்டு வாங்கலாம், அஞ்சு பேருக்கு ரெண்டு பொரிச்ச மீன் போதும். பிரியாணிக்கு மூஞ்சி சுழிக்குற மாமியாரும் இதுக்கு சம்மதிப்பாங்க. கன்னியாகுமரிக்குப் போறதா இருந்தா கடற்கரையில பசியோட எறங்காதீங்க, வழியில சுசீந்திரத்துலயோ கொட்டாரத்துலயோ சாப்பாட்ட முடிச்சிட்டு போங்க, ஐயப்ப சீசன்ல சொல்லவே வேண்டாம்.

ஆப் விஷயம் கேட்டிருந்திய. நெறைய கடையில ஆப் வெலை ஒண்ணு, கடை வெலை ஒண்ணு, அதுக்கு மேல டெலிவரி, பிளாட்பார்ம் ஃபீஸ், பேக்கிங்னு வரும். 50 பெர்சன்ட் ஆஃபர்னு பெரிசா போட்டு கீழ "அதிகபட்சம் 100 ரூவா"ன்னு பொடி எழுத்துல இருக்கும். கடைக்கு போன் போட்டு பார்சல் சொல்லிட்டு, வீட்டுக்காரர் கடையடச்சு வரும்போது கையோட வாங்கிட்டு வரச் சொல்லுங்க, வீட்லேர்ந்து ஒரு தூக்குப் பாத்திரம் குடுத்து விட்டா பேக்கிங் காசும் மிச்சம்.