ஓடாமல் நின்ற ரயில் பழசாகிவிடுமா?

கேள்வி: டொராண்டோவில் கென்னடி ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். மகளுக்கு யங்-எக்ளிங்டனில் வேலை. புது எல்.ஆர்.டி. (இலகு ரயில்) வந்துவிட்டதே, இரண்டாவது காரை விற்றுவிடலாம் என்கிறார் கணவர். ஆனால் இந்த வண்டிகள் 2019இலேயே வந்து யார்டில் கிடந்தவையாம். திறந்த அன்றே பழசாகிப்போன வண்டியை நம்பி காரை விற்கலாமா? – ஸ்காபரோ வாசகி

பதில்: காரை இப்போதைக்கு விற்காதீர்கள். நான் அப்படிச் சொல்வதற்குக் காரணம் வண்டிகளின் வயது அல்ல.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். எக்ளிங்டன் பாதையில், அதாவது நீங்கள் சொல்லும் எல்.ஆர்.டி. வழியில், 2011இல் வேலை தொடங்கியது. 2020இல் ஓடும் என்றார்கள், கடைசியில் 2026 பிப்ரவரியில்தான் ஓடியது. பொம்பார்டியரின் ஃபிளெக்ஸிட்டி ஃப்ரீடம் வண்டிகள் மொத்தம் 76. அவற்றில் முதலாவது 2019 தொடக்கத்திலேயே மவுண்ட் டெனிஸ் யார்டுக்கு வந்துவிட்டது. தண்டவாளம் சரியான அளவில் பதிக்கப்படாதது உட்பட 260 தரக் குறைபாடுகள் இருப்பதாக 2023இல் இந்தத் திட்டத்தை நடத்தும் மாகாண அரசு நிறுவனமான மெட்ரோலிங்ஸ் ஒப்புக்கொண்டது. வண்டி தயாராகி நிற்க, பாதைதான் தயாராகவில்லை.

சரி, நின்ற வண்டிக்கு என்ன ஆகும்? பனிக்காலம் முழுக்க டிரைவ்வேயில் எடுக்காமல் விட்ட காருக்கு ஆவதுதான் இதற்கும் ஆகும். பேட்டரி இறங்கும், பிரேக் டிஸ்க்கில் துரு படியும், ரப்பர் காய்ந்து இறுகும். ரயிலில் ரப்பர் நாம் நினைப்பதைவிட அதிகம். கதவு ஓரங்கள், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் மடிப்புத்திரை, சஸ்பென்ஷன் என்று எல்லா இடத்திலும் அது உண்டு. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாள் கணக்கில் மூப்படையும்.

வெளியே தெரியாத இரண்டு விஷயங்கள்தான் பராமரிப்புக்காரரைத் தூங்கவிடாதவை. ஒன்று பேரிங், அதாவது சக்கரம் சுழல உதவும் உருளைத் தாங்கி. வண்டியின் முழுப் பாரமும் மாதக்கணக்கில் அதே உருளைகளின் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் வேறு வண்டி போகும்போது வரும் சிறு அதிர்வு போதும், உருளை உட்கார்ந்த இடத்தில் கண்ணுக்கே தெரியாத குழி விழ ஆரம்பிக்கும். அதனால்தான் நிறுத்திவைத்த வண்டியை அவ்வப்போது கொஞ்ச தூரமாவது ஓட்டி, சக்கரத்தைத் திருப்பிவைப்பார்கள். மற்றொன்று மோட்டாருக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றும் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கபாசிட்டர்கள், அதாவது மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் பாகங்கள். சில வகைக் கபாசிட்டர்கள் நீண்ட நாள் மின்சாரம் காணாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய படலம் பலவீனமாகிவிடும். திடீரென்று முழு மின்னழுத்தம் கொடுத்தால் வெடித்துக்கூடப் போகலாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித்தான் எழுப்ப வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த வைத்தியம். அதோடு, எக்ளிங்டன் வண்டிகள் சும்மா கிடந்தவையும் அல்ல. பரிசோதனை ஓட்டம், ஓட்டுநர் பயிற்சி என்று ஓடிக்கொண்டுதான் இருந்தன. புது ரயிலுக்கு வரும் பாலபருவக் கோளாறுகள், அதாவது திறந்து திறந்து மூடும் கதவு, காரணமில்லாமல் எரியும் எச்சரிக்கை விளக்கு போன்றவை, அந்த ஓட்டத்திலேயே கொஞ்சமாவது தெரியவந்திருக்கும். இந்த மாதிரி வண்டிகளுக்கு 30 ஆண்டு ஆயுள் என்று வைத்துத்தான் வடிவமைப்பது வழக்கம். 2019இல் வந்தது இன்னும் இளவயதுதான். நஷ்டம் எங்கே என்றால், ஆயுளில் சில ஆண்டுகள் பயணி ஏறாமலே கழிந்துவிட்டன. உத்தரவாதக் காலம் பற்றிய வழக்கும் கணக்கும் அதிகாரிகளும் நிறுவனங்களும் பேசித் தீர்க்க வேண்டியவை. அது உங்கள் வரிப்பணத்தைத் தொடும், உங்கள் மகளின் பாதுகாப்பைத் தொடாது.

இதே வண்டிதான் எட்மன்டனிலும். அங்கும் முதல் வண்டிகள் 2018இல் வந்தன. 2022இல் பாலத் தூண்களில் வெடிப்புக் கண்டு, 2023 நவம்பரில்தான் பாதை திறந்தது. வாட்டர்லூவில் தலைகீழ்: பாதை முடிந்தும் வண்டி வராமல் காத்திருந்து, 2019 ஜூனில் ஓட ஆரம்பித்தது.

புது வண்டி என்றால் நிம்மதி என்று நினைப்பவர்கள் ஒட்டாவாவைப் பார்க்கலாம். 2019 செப்டம்பரில் அல்ஸ்டொம் நிறுவனத்தின் புத்தம்புது வண்டிகளோடு திறந்தார்கள். 2021 ஆகஸ்டில் ஒரு வண்டி தடம் புரண்டது, செப்டம்பரில் இன்னொன்று. இரண்டாவதற்குக் காரணம், பழுதுபார்த்த பின் கியர்பெட்டியின் போல்ட்டுகளைச் சரியாக இறுக்காமல் விட்டது. சேவை ஏறக்குறைய 2 மாதம் நின்றது. கென்னடியிலிருந்து முன்பு ஓடிய ஸ்காபரோ ஆர்.டி. ரயிலை நீங்களே பார்த்திருப்பீர்கள். 1985இல் தொடங்கிய வண்டிகள், ஆயுள் தாண்டியும் ஓட்டினார்கள். ஆனால் 2023 ஜூலையில் கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது வண்டியின் மூப்பு அல்ல, தண்டவாளத்துக்கு நடுவே போகும் தகட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தளர்ந்தது. என்னைக் கேட்டால், ஒரு ரயில் நிறுவனத்தைப் பற்றித் தெரிய வண்டி எந்த ஆண்டில் செய்தது என்று கேட்க மாட்டேன். ராத்திரி ஷிஃப்டில் போல்ட்டை யார் சரிபார்க்கிறார், அவருக்கு அதற்கு நேரம் கொடுக்கிறார்களா என்றுதான் கேட்பேன்.

இனி உங்கள் மகளின் பயணம். கென்னடியிலிருந்து யங் போகும் வழியில் இரண்டு விதப் பாதை இருக்கிறது. கென்னடி நிலத்தடியில். அதை விட்டதும் பேர்ச்மவுண்ட், கோல்டன் மைல், பார்மசி என்று லெயர்ட் வரும்வரை பெரும்பகுதி ரோட்டின் நடுவே ஓடுகிறது. தனித் தடம்தான், இருந்தாலும் சந்திகளில் சிவப்பு விளக்குக்கு நிற்கும். இடது பக்கம் திரும்பும் கார் ஒன்று தடத்தை மறித்தால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். லெயர்டிலிருந்து மேற்கே சுரங்கம். அங்கே ஓட்டம் தானியங்கி, பனியும் இல்லை, விளக்கும் இல்லை. ஆகவே தாமதம் வந்தால் பெரும்பாலும் உங்கள் பக்கத்துப் பாதியில்தான் வரும், அதுவும் பனி கொட்டும் காலையில் ஸ்விட்ச் (தண்டவாளம் பிரியும் இடம்) உறைந்தால்.

மாற்று வழி கையிலேயே இருக்கிறது. கென்னடியில் இரண்டாம் இலக்க சப்வே எடுத்து ப்ளூர்-யங்கில் மாறி, ஒன்றாம் இலக்கத்தில் வடக்கே எக்ளிங்டன். சுற்றுத்தான், ஆனால் ரோட்டு விளக்கும் இடதுபக்கம் திரும்பும் காரும் அங்கே குறுக்கே வராது. இரண்டு மணிநேர மாற்றுச் சலுகைக்குள் என்பதால் கூடுதல் கட்டணமும் வராது. மகளை ஒருமுறை அவசரமில்லாத நாளில் அந்த வழியிலும் போய்வரச் சொல்லுங்கள்.

வண்டியில் இருக்கும்போது வேகம் கூடக்கூட 'டக் டக்' என்ற சத்தமும் கூடினால் சக்கரத்தில் ஓரிடம் தட்டையாகியிருக்கிறது என்று பொருள். சறுக்கிப் பிரேக் பிடித்தால் வருவது, கடைந்து சரிசெய்வார்கள். பயப்பட ஒன்றுமில்லை. பெட்டிக்குள் எழுதியிருக்கும் வண்டி எண்ணைக் குறித்து, ரயிலை ஓட்டும் நகரப் போக்குவரத்து நிறுவனமான ரி.ரி.சி.க்கு அறிவித்தால், அவர்கள் எந்த வண்டி என்று தேட வேண்டியிருக்காது.

வீட்டைத் தயங்காமல் எடுங்கள், கென்னடி என்றால் எல்.ஆர்.டி. ஒன்றை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கார் விஷயத்தில், ஒரு முழுப் பனிக்காலம் மகள் இந்தப் பாதையில் போய்வரட்டும். பிறகு அவருடைய பேச்சைக் கேட்டு முடிவெடுங்கள், கணவருடையதைக் கேட்டல்ல.